எங்கள் இல்லத்து வைஃபை

கண்டி டவுனிலிருந்து அம்பிட்டிய பக்கமாக ஏறும் ஒரு வீதியில் உள்ள முதியோர் இல்லத்துக்கு நான் பொறுப்பாளர். பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா ஒன்றும், அதன் முதுகோடு ஒட்டிக் கட்டிய கொங்கிரீட் கட்டடம் ஒன்றும் சேர்ந்ததுதான் இல்லம். பங்களாவின் சுவர்கள் கருங்கல்லால் ஆனவை. ஒரு படம் மாட்ட ஆணி அடிப்பதென்றாலும் அரை நாள் வேலை. தங்கியிருப்பவர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். நான் பன்வில பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். டவுனில் படித்து, ஒரு தனியார் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் சில வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தேன். வேலைக்கு எடுக்கும்போது மருந்து, சாப்பாடு, படுக்கை விரிப்பு, சண்டை எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும் என்றார்கள். வைஃபையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நான் வந்தபோது இல்லத்தில் ஒரேயொரு ரவுட்டர் இருந்தது. அது அலுவலக அலுமாரிக்குள் இருந்தது. பார்வைக்கு அழகாக இல்லை என்று நிர்வாகக் குழுத் தலைவரின் மனைவி உள்ளே வைத்துக் கதவையும் மூடச் சொல்லியிருந்தார். அலுமாரி இரும்பு. அதற்கு முன்னால் நின்றால் வைஃபை வரும். கதவைத் திறந்து வைத்தால் நடைபாதை வரைக்கும் வரும். ஆகையால் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து போன் எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அலுமாரியைத் திறந்து வைப்பது என் கடமைகளில் ஒன்றாகிவிட்டது.

பிறகு லண்டனிலிருந்து ஒரு டொக்டர் மகன் தன் தகப்பனுக்கு ஒரு ரவுட்டர் அனுப்பினார். அதைப் பார்த்த பக்கத்து அறைக்காரர் மெல்பேர்னுக்குத் தகவல் சொன்னார். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் பெரிதாக ஒன்று வந்தது. அதற்குப் பிறகு நோர்வே, சுவிஸ், கனடா என்று எல்லா நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்தன. டவுனில் மின்சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து ஒவ்வொன்றையும் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போவார். ரவுட்டருக்குள்ளேயே இன்டர்நெட் இருக்கிறது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் வீதிக் கம்பத்திலிருந்து அலுவலகத்துக்கு வரும் ஒரே கேபிள்தான் எல்லாருக்கும். மற்ற ரவுட்டர்கள் எல்லாம் அதை வாங்கித் திரும்பக் கத்துகிற வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தன. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இல்லத்தின் குடும்ப விவரம் முழுவதும் வரிசையாக வரும். 'டொக்டர் மகன்' என்று ஒன்று. 'ஒஸ்லோ' என்று ஒன்று. 'தொடாதீர்கள்' என்று ஒன்று. கடவுச்சொல்லை யார் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வைத்தே அந்த வாரம் யார் யாரோடு கதைக்கிறார்கள் என்று நான் கணித்துவிடுவேன். கரம் போர்ட் ஆட்டத்தில் மனஸ்தாபம் வந்தால் மறுநாள் காலையில் கடவுச்சொல் மாறியிருக்கும்.

ரவுட்டர்கள் கூடக் கூட வைஃபை மோசமானது. இதை யாரும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. இன்னொரு ரவுட்டர் வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

முன் பக்கத்து மூலை அறையில் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா இருக்கிறார். கடுகண்ணாவையிலும் மலைநாட்டின் வேறு பல ஸ்டேஷன்களிலும் வேலை பார்த்தவர். மனைவி இறந்தபின் இங்கே வந்தார். ஒரே மகன் டொரோண்டோவில். மகன் அனுப்பிய ரவுட்டருக்கு அன்டெனாக்கள் நாலு திசையிலும் நீட்டிக்கொண்டிருக்கும். ஞாயிறு பின்னேரங்களில் மகன் வீடியோ கோல் எடுப்பார். படம் வரும், மங்கும், கட்டம் கட்டமாக உடையும். "அப்பா, லைன் சரியில்லை, பிறகு எடுக்கிறன்" என்ற குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். பிறகு அடுத்த ஞாயிறுதான், அல்லது அதற்கும் அடுத்தது. ஐயா அலுவலகத்துக்கு வந்து, கதிரையில் உட்காராமல் நின்றுகொண்டே முறைப்பாடு சொல்லுவார்.

"பிள்ளை, நேற்றும் லைன் வெட்டிப்போட்டுது. நான் குறை சொல்லேல்லை. தெரியப்படுத்திறன்."

"பார்க்கச் சொல்றேன் ஐயா" என்பேன். யாரைப் பார்க்கச் சொல்வது என்று எனக்குத் தெரியாது, அது அவருக்கும் தெரியும்.

விஷயம் முற்றியது ஒரு கலியாணத்தில். பங்களாவின் பெரிய அறையில் இருக்கும் டீச்சர் யாழ்ப்பாணத்தில் உப அதிபராக இருந்தவர். அவருடைய கடைசி மகள் மெல்பேர்னில் கலியாணம் செய்தாள். நீண்ட காலம் வேண்டாம் வேண்டாம் என்றிருந்துவிட்டுச் செய்துகொண்ட கலியாணம். டீச்சருக்கு முழங்கால் வருத்தம், விமானம் ஏற முடியாது. அதனால் சாப்பாட்டு மண்டபத்தில் பெரிய டிவியை வைத்து நேரடி ஒளிபரப்புக்கு ஏற்பாடு செய்தோம். டீச்சர் கூறைச்சேலை மாதிரி ஒரு பட்டுச் சேலை உடுத்து முன் வரிசையில் இருந்தார். இல்லம் முழுக்க வந்திருந்தது. வந்த எல்லாரும் தங்கள் போனிலும் அதே கலியாணத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்து மணப்பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோன இடத்தில் படம் நின்றுவிட்டது. மணப்பெண்ணின் ஒரு கண் பாதி மூடியிருந்தது. மாப்பிள்ளை எதையோ திருட வந்தவர் போலக் குனிந்திருந்தார். கெட்டிமேளம் 'டும்' என்று தொடங்கி அதோடு நின்றது. நாங்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். யாரோ ஒருவர் அட்சதையைப் போட்டுவிடலாமா என்று கேட்டார். படம் மறுபடி அசைந்தபோது அங்கே எல்லாரும் பந்தியில் இருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்து அறைக்குப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை.

"பிள்ளை, எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். தாலி கட்டினவரோ எண்டதை மட்டும் ஆரிட்டையும் கேட்டுச் சொல்லுங்கோ."

போன் பண்ணிக் கேட்டோம். கட்டியிருந்தார். டீச்சர் "நல்லது" என்று சொல்லிவிட்டு, கொழும்பில் வேறொரு இல்லம் இருப்பதாகவும், அங்கே எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவும் கேள்விப்பட்டதாகச் சொன்னார்.

அந்தக் கிழமையே நிர்வாகக் குழு கூடியது. தலைவர் ஒரு வங்கியில் மேலாளராக இருந்தவர். இதைவிடப் பெரிய ரவுட்டர் ஒன்று வாங்குவதுதான் அவருடைய யோசனை. முன்பும் அவருடைய யோசனை அதுதான். வாவிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஹோட்டலில் என் தங்கச்சி வேலை செய்கிறாள். அங்கேயும் இதே பிரச்சினை இருந்ததாகவும், வைஃபையைத் திட்டம் போட்டு அமைக்கிற ஒரு பெண் எஞ்சினியர் வந்து சரி செய்ததாகவும் அவள் சொல்லியிருந்தாள். நான் அதைச் சொன்னேன்.

"வைஃபைக்கு என்ன திட்டம்?" என்றார் தலைவர். "அது காத்தில வாற சாமான். வேணுமெண்டால் வரும்."

"டீச்சர் கொழும்புக்குப் போறேன்னு சொல்றாங்க சேர்."

டீச்சரின் அறைதான் இல்லத்தில் பெரிய அறை, கட்டணமும் அதற்குத்தான் அதிகம். தலைவர், வந்து பார்க்கச் சொல்லுங்கள், பார்ப்பதற்கு என்ன என்றார்.

அந்தப் பெண் அக்குறணையிலிருந்து வந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், தலையில் சாம்பல் நிற முக்காடு, முதுகில் ஒரு பை. பெட்டி பெட்டியாகச் சாமான் வரும் என்று எதிர்பார்த்திருந்த தலைவருக்கு ஏமாற்றம்.

"ரவுட்டர் கொண்டு வரேல்லையோ?"

"இல்ல சேர். சாமான் என்ன வேணும்னு இன்னும் எனக்குத் தெரியாதே. மொதல்ல பார்க்கணும்."

அவர் கேட்ட கேள்விகள் எனக்கு விசித்திரமாக இருந்தன. எந்த நேரத்தில் அதிகம் பேர் கதைப்பார்கள், எங்கே இருந்து கதைப்பார்கள், கட்டிலில் படுத்தபடியா, யன்னலோரமா? படம் பார்த்துக் கதைப்பவர்கள் எத்தனை பேர், குரல் மட்டும் எத்தனை பேர்? டொக்டர் ஒன்லைனில் பார்ப்பது எந்த அறையில்? மின்சாரம் போனால் எது வேலை செய்தாக வேண்டும்? கடைசியாக, "குரங்கு எந்தப் பக்கத்தால வரும் அக்கா?" என்று கேட்டார். பின் பக்கத்துப் பலாமரத்தால் வரும் என்றேன். குறித்துக்கொண்டார். வெளியே போட்ட எந்தக் கேபிளையும் எங்கள் குரங்குகள் ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவைத்ததில்லை. இதற்கு முன் வந்த யாரும் அதைப் பற்றிக் கேட்டதுமில்லை.

பிறகு மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தார். மெதுவாக, ஒரு சுவரோரமாகப் போய் மறு சுவரோரமாகத் திரும்பி வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா முதல் அறையிலிருந்தே அவர் பின்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்ததும் எஞ்சினியர் மடிக்கணினியை மேசையில் வைத்து எங்களுக்குக் காட்டினார். திரை முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாக வண்ண வண்ண மேடுகள். 'இருக்கு' என்பது அவர் பேச்சில் 'ஈக்கு' என்று வரும்.

"சிக்னல் இல்லாம இல்ல அக்கா. கூடிப் போய் ஈக்கு. இந்த வைஃபை எல்லாம் ஒரே பாதையில ஓடுது. ஒரு ஆள் பேசினா மத்த எல்லாரும் வாய மூடிட்டு ஈக்கணும். அப்பதான் விளங்கும். இங்க எல்லாமே ஒரே நேரத்துல பேசுது. கேட்கிற ஆள் இல்ல."

எனக்குப் பாதி விளங்கியது. ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாவுக்கு முழுக்க விளங்கிவிட்டது.

"தனி லைன்" என்றார். "ஒரு ஸ்டேஷனுக்கும் மற்ற ஸ்டேஷனுக்கும் இடையில ஒரு ரயில்தான் நிக்கலாம். அது வந்து சேருமட்டும் மற்ற ரயிலைப் பிடிச்சு வைச்சிருக்கோணும். என்ன பிள்ளை, அதுதானே?"

"அதேதான் ஐயா."

"அப்ப இஞ்ச அத்தனை பேரும் பச்சை லைட் போட்டு விட்டிருக்கினம்."

எஞ்சினியர் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. ரயில் விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை.

அடுத்த கிழமை எஞ்சினியர் தன் திட்டத்தைக் கொண்டுவந்து குழுவுக்கு விளக்கினார். பங்களாவின் கல்லுச் சுவரை வைஃபை தாண்டாது. அதனால் சுவருக்குச் சுவர் கத்த வைக்காமல், சீலிங்குக்கு மேலால் கேபிள் இழுத்து, தேவையான இடங்களில் மட்டும் சின்னச் சின்னதாகச் சாதனங்கள் வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் மெதுவாகப் பேசினால் போதும், பக்கத்தில் இருப்பதும் இதுவும் வேறு வேறு பாதையில் போக வேண்டும். அலுவலகத்தில் மின்தடைக்குப் பற்றரி. எவ்வளவு தூரம் எட்டும் என்பது மட்டுமல்ல, ஞாயிறு பின்னேரம் எல்லாரும் சேர்ந்து கதைத்தால் தாங்குமா என்பதையும் பார்த்துத்தான் கணக்குப் போட்டிருப்பதாகச் சொன்னார். தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இப்ப இருக்கிறதுகளை என்ன செய்யிறது?" என்றார்.

"எல்லாத்தையும் கழட்டணும் சேர். ஒண்டு மிச்சம் ஈந்தாலும் மத்ததுக்குத் தொல்லை."

அதைச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. சண்டைகள் என் வேலையில் அடங்கும்.

நான் நினைத்ததைவிடச் சுலபமாகத்தான் முடிந்தது. டீச்சர் தன்னுடையதைத் தானே கழற்றி, வயரைச் சுற்றி, ரப்பர் பான்ட் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டீச்சர் வைத்ததைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். 'தொடாதீர்கள்' யாருடையது என்பதும் அன்றுதான் தெரியவந்தது. அவர் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு கொண்டுவந்து வைத்தார்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா மட்டும் கொண்டுவரவில்லை. நான் அறைக்குப் போனேன். அவர் கட்டிலில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மேசையில் ரவுட்டர் நீல வெளிச்சத்தோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா, நீங்கதானே எங்க எல்லாருக்கும் விளங்கப்படுத்தினீங்க. தனி லைன்னு."

"ஓம். விளங்கினபடியால்தான் சொன்னனான்."

"அப்போ?"

பேப்பரை மடித்தார். "அது அவன் அனுப்பினது பிள்ளை. இந்த அறையில அவன் அனுப்பினதெண்டு வேறை என்ன கிடக்கு? நான் கழட்டமாட்டன். நீங்கள் கழட்டினால் நான் மறிக்கவும் மாட்டன்."

அப்படிச் சொன்ன ஒருவரின் பொருளைக் கழற்ற என்னால் முடியவில்லை. வெளியே வந்து எஞ்சினியருக்கு போன் பண்ணினேன். அவர், "அக்கா, நான் வாறேன், அவர்ட்ட நான் சொல்றேன்" என்றார். வந்து, ஐயாவிடம் அனுமதி கேட்டு, ரவுட்டரோடு மடிக்கணினியை இணைத்து எதையோ மாற்றினார்.

"ஐயா, இது இனி லைட் எரியும். வைஃபை மட்டும் விடாது. இருந்த இடத்துலயே ஈக்கட்டும்."

ஐயா கிட்டப் போய்ப் பார்த்தார். நீல வெளிச்சம் முன்போலவே மினுங்கியது. "ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றார் எஞ்சினியர். ஐயா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவரும்படி என்னிடம் சொன்னார். அந்த இல்லத்தில் அவர் யாருக்கும் தேத்தண்ணி சொல்லி நான் பார்த்ததில்லை.

வேலை முடிந்த முதல் ஞாயிறு பின்னேரம் நான் நடைபாதையில் நின்றேன். எல்லா அறைக் கதவுகளும் மூடியிருந்தன. எல்லா அறைகளிலிருந்தும் பேச்சுச் சத்தம். "கேக்குதோ? கேக்குதோ?" என்று எவரும் கத்தவில்லை. எனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அலுமாரியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பிரச்சினைகள் அடுத்த மாதம் தொடங்கின.

முதலில் வந்தவர் டீச்சர். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை, வைஃபை நல்லாயிருக்கு. நான் குறை சொல்லமாட்டன். ஆனால் அவள் இப்ப ரெண்டு மணித்தியாலம் கதைக்கிறாள்."

"சந்தோஷம்தானே டீச்சர்."

"புருஷன் சட்டி கழுவிற விதம். மாமி அனுப்பிற வட்ஸ்அப். எல்லாம் சொல்லுறாள். முந்தியெண்டால் பத்து நிமிஷத்தில தானா வெட்டிப்போடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் பழையபடி செய்ய ஏலுமோ எண்டு அந்தப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கோவன்."

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டுமா என்று எஞ்சினியர் திருப்பிக் கேட்டார். பிறகு, "செய்ய ஏலும் அக்கா. ஆனா என்ட பேர் போயிரும்" என்றார்.

இன்னொன்று எனக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. கொங்கிரீட் கட்டடத்தின் கடைசி அறையில் இருக்கும் அம்மா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். இரண்டு மகள்மார் பாரிஸில். இவ்வளவு நாளும் அவர் கடைசி அறைக்கு லைன் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது கடைசி அறையில்தான் எல்லாவற்றையும்விட நன்றாக வருகிறது. அறைக்கு வெளியிலேயே சாதனம் இருக்கிறது. அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அது அடிக்காது. ஒரு நாள் நான் உள்ளே போனபோது, "இப்ப லைன் நல்லம், என்ன?" என்று கேட்டார். "நல்லம் அம்மா" என்றேன். அவருடைய யன்னல் திரையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

இதற்கு நான் ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை. டீச்சர்தான் கண்டுபிடித்தார். ஒரு ஞாயிறு கடைசி அறைக்குப் போய், "நீங்கள் சும்மாதானே இருக்கிறியள், என்ரை அறைக்கு வாங்கோ. மகள் கதைக்கிறாள், நான் தனியக் கேட்டு முடிக்கேலாது" என்று அழைத்துப் போய்விட்டார். அந்த அம்மாவுக்கு மாமியார் விஷயத்தில் அனுபவம் அதிகம். இப்போது மெல்பேர்ன் மகள் போன் எடுத்ததும் "அன்ரி இருக்கிறாவோ?" என்றுதான் கேட்கிறாள். டீச்சர் பக்கத்தில் இருந்து கம்பளி பின்னுகிறார்.

மற்றது ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாவின் மூலை அறை. புதிய வைஃபை வந்தபிறகும் அவருடைய மகனின் படம் உடைந்தது, குரல் மட்டும் லைன் சரியில்லை என்றது. ஐயா முறைப்பாட்டோடு அலுவலகத்துக்கு வரவில்லை. ஒரு நாள் எஞ்சினியர் சரிபார்க்க வந்தபோது ஐயாவே நேரில் கேட்டார்.

"பிள்ளை, மூலை அறையில ஏதும் குறை இருக்கோ?"

எஞ்சினியர் மடிக்கணினியில் பார்த்தார். அறைக்குப் போய் நின்றும் பார்த்தார். "இல்ல ஐயா. இந்தப் பக்கம் சுத்தமா ஈக்கு. பிரச்சினை அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கமெண்டால்?"

"உங்கட மகன்ட பக்கம்."

ஐயா தலையை ஆட்டினார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரிந்தது. லைன் அந்தப் பக்கம் உண்மையாகவே மோசமாக இருக்கலாம், அல்லது மகன் பொய் சொல்லலாம். மகன் பெரிய வீடு வாங்கிக் குடும்பத்தோடு இருப்பதாகத்தான் எங்கள் எல்லாருக்கும் சொல்லப்பட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு, மகனோடு கதைக்கும் டப்லட்டைப் பிடிக்கத் தன் கை நடுங்குகிறது என்று என்னைக் கூப்பிட்டார். கை நடுங்கியதை நான் பார்க்கவில்லை. மகன் எடுத்தார். இருண்ட படம், உடைந்த முகம்.

"அப்பா, லைன் சரியில்லை, பிறகு..."

"நில்லு தம்பி. வையாத. இஞ்ச லைன் நல்லம், எஞ்சினியர் பாத்துச் சொன்னவ. உன்ர ரவுட்டர் எங்க கிடக்கு?"

இருண்ட முகம் மேலே திரும்பியது. "மேல கிடக்கு அப்பா."

"நீ எங்க நிக்கிறாய்?"

"கீழ."

"போனைக் கையில வைச்சுக்கொண்டு ரவுட்டர் இருக்கிற பக்கம் நட."

"அப்பா, அது வந்து..."

"நடவன்."

படம் ஆடியது. மகன் நடந்தார். நடக்க நடக்கப் படம் தெளிந்தது. முதலில் ஒரு துணி துவைக்கும் மெஷின் தெரிந்தது. பிறகு ஒரு ஒற்றைக் கட்டில், சுவரோரமாக அடுக்கிய காட்போட் பெட்டிகள், தாழ்ந்த கூரையில் குழாய்கள், கூரையோடு ஒட்டிய சின்ன யன்னல். அதற்குப் பிறகு ஒரு மரப்படிக்கட்டு. படியின் நடுவில் மகன் நின்றார். அங்கே முகம் முழுவதும் தெரிந்தது. நான் புகைப்படத்தில் பார்த்திருந்ததைவிட மெலிந்து, தாடியோடு இருந்தார். அது அவருடைய வீடு இல்லை என்பது எனக்கே விளங்கியது.

டப்லட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியேறலாமா என்று யோசித்தேன். ஐயா அசையவில்லை. படத்தைக் கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதில நில்லு" என்றார். "அதில நல்லாத் தெரியுது. அதில நிண்டு கதை."

மகன் படியிலேயே உட்கார்ந்தார். நான் டப்லட்டைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்திவிட்டு, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வந்தேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஐயா கடைசியாக வந்தார். இடியப்பத்தைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் யாருமில்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பிரிஞ்சு ரெண்டு வருஷமாம். வீட்டை வித்துப்போட்டினம். பிள்ளை தாயோட. இவன் பேஸ்மன்ட்டில வாடகைக்கு. மேல இருக்கிறவையின்ர வைஃபையாம். கீழ சரியா வராதாம்."

"ஐயா..."

"உண்மையா வராது பிள்ளை" என்றார். "அவன் பொய் சொல்லேல்லை. நான் பாத்தன்தானே."

சாம்பாரை ஊற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கு குறைவு. ஐயா அந்த பேஸ்மன்ட்டை நினைவில் வைத்து ஒரு தாளில் வரைந்தார். படி, யன்னல், மெஷின், கட்டில் எல்லாம் அளவோடு. எஞ்சினியரிடம் காட்டி, இங்கே எப்படிச் செய்யலாம் என்று கேட்டார். எஞ்சினியர் தன் கட்டணத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், மெஷினுக்குப் பின்னால் இருக்கும் குழாயோடு ஒரு கேபிளை இறக்கலாம் என்றார். மேல்வீட்டுக்காரர் ஒரு சீக்கியர். முதலில் சம்மதிக்கவில்லையாம். பிறகு ஐயாவே அவரோடு படத்தில் கதைத்தார். அவருடைய தகப்பனும் இந்தியாவில் ரயில்வேயில் இருந்தவர். இரண்டு பேரும் என்ஜின்களைப் பற்றி அரை மணி நேரம் கதைத்த பிறகு கேபிள் இறங்கியது.

இப்போது மகன் கிழமையில் நாலைந்து தடவை எடுக்கிறார். சில நாட்களில் கதைப்பதற்கு ஒன்றும் இருக்காது. அவர் அங்கே சமைப்பார், இவர் இங்கே பேப்பர் வாசிப்பார், போன் திறந்தபடியே இருக்கும். உப்புப் போட்டாயா என்று ஐயா இடையிடையே கேட்பார்.

ஒரு சனிக்கிழமை விட்டு மறு சனிக்கிழமை பேத்தி தகப்பனிடம் வருகிறாள். எட்டு வயது, முன்பல் ஒன்று இல்லை. அவளுக்குத் தமிழ் வராது. ஐயாவுக்கு நல்ல ஆங்கிலம் வரும், ஆனால் அது ரயில்வே ஆங்கிலம். அவள் பேசுவது அவருக்குப் பிடிபடுவதில்லை. அவர் சொல்வதைக் கேட்டு அவள் தகப்பனைத் திரும்பிப் பார்க்கிறாள். தகப்பன் எங்கேயாவது வேலையாக இருப்பார். அப்போது ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொள்வார். அவள் தன் பல் விழுந்த இடத்தைக் காட்டுவாள். அவர் வாயைத் திறந்து தன்னுடையதைக் காட்டுவார்.